ஸ்லட்ஜ் ஏன் படியவில்லை? மலை ஊர்களிலிருந்து வந்த கேள்விகள்

எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டியில் மே மாதம் நன்றாகப் படிந்த ஸ்லட்ஜ் (பாக்டீரியாக் கசடு), டிசம்பரில் அரை மணி கழித்தும் ஒரு லிட்டர் ஜாடியில் 800 மில்லியில் நிற்கிறது. மேலே உள்ள தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. (ரிசார்ட் ஆபரேட்டர், கொடைக்கானல்)

எம்.எல்.எஸ்.எஸ். (தொட்டித் தண்ணீர் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் ஸ்லட்ஜ், காய்ந்த எடையில்) எவ்வளவு என்று எழுதவில்லை. அது இல்லாமல் 800 என்ற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. 3,500 என்று வைத்துக்கொண்டால் எஸ்.வி.ஐ. (ஒரு கிராம் ஸ்லட்ஜ் படிந்தபின் அடைக்கும் மில்லி) 230 வரும், 150-ஐத் தாண்டினாலே பல்க்கிங்தான், அதாவது ஸ்லட்ஜ் உப்பிப் படியாமல் நிற்பது. ஜாடியில் பாதி ஸ்லட்ஜ், பாதி சுத்திகரித்த தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அப்போது மளமளவென்று படிந்தால் ஸ்லட்ஜ் அதிகம், வெளியேற்றுங்கள். அப்படியும் படியாவிட்டால் இழை பாக்டீரியா. ஃப்ளாக்குக்கு (பாக்டீரியா ஒட்டிச் சேர்ந்த கட்டிக்கு) ஃப்ளாக் இழை பாலம் போடுவதால் கீழே இறங்க விடாது. பொடித் துகளையும் பிடித்துக்கொள்வதால் மேல் தண்ணீர் தெளிந்து நிற்கும். குளிரும் சமையலறை எண்ணெயும் சேர்ந்தால் மைக்ரோத்ரிக்ஸ் பார்விசெல்லா என்ற இழை பாக்டீரியா கிளம்பும். முதலில் எண்ணெயைப் பிடிக்கும் கிரீஸ் ட்ராப்பைத் திறந்து பாருங்கள். கடைசியாக எப்போது அள்ளினீர்கள்?

படிந்த ஸ்லட்ஜ் இரண்டு மணி நேரத்தில் கட்டி கட்டியாக மேலே வருகிறது. (கோத்தகிரி)

நைட்ரஜன் வாயு தூக்குகிறது. குச்சியால் தட்டினால் குமிழி விட்டு மறுபடி கீழே போகும். படிந்ததைக் காற்றுத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஸ்லட்ஜ் பம்பைக் கூடுதல் நேரம் ஓட்டுங்கள்.

நுரை வருகிறது. என்ன செய்வது? (ஊர் எழுதவில்லை)

என்ன நிறம்? எந்தத் தொட்டி? வெள்ளை நுரை என்றால் ஸ்லட்ஜ் இளசு, அல்லது லாண்டரி சோப்பு. பழுப்பாக, பிசுபிசுவென்று, தண்ணீர் பீய்ச்சினாலும் கலையாவிட்டால் நொகார்டியா வகை பாக்டீரியா. அதை மேலிருந்து அள்ளி வெளியேற்றுங்கள், தொட்டிக்குள் திரும்ப விடாதீர்கள். இனிமேல் நிறம் எழுதாத நுரைக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

சீசன் முடிந்து மூன்று வாரம் ப்ளோவரை (காற்றடிக்கும் இயந்திரத்தை) நிறுத்தினோம். தொட்டி கறுத்து நாறுகிறது. எந்தக் கம்பெனி கல்ச்சர் பவுடர் நல்லது? (ஊட்டி)

எதுவும் வேண்டாம். வருடா வருடம் சொல்கிறேன், வருடா வருடம் இதே கேள்வி வருகிறது. பாக்கெட்டில் இருப்பவை தனித்தனி பாக்டீரியா. செட்லிங் தொட்டியில் படியாதது எதுவும் உங்கள் பிளான்ட்டில் தங்காது, வழிந்து ஓடிவிடும். தங்குவது ஃப்ளாக்தான். ஜூக்ளியா போன்ற பாக்டீரியா தாமே சுரக்கும் பசையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உங்கள் கழிவுநீரையே தின்று, உங்கள் குளிருக்குப் பழகி வளர்ந்த கூட்டம் அது. அதைப் பட்டினி போட்டு, காற்றையும் நிறுத்திக் கொன்றுவிட்டுப் பொடிக்குப் பணம் கொடுக்கிறீர்கள்.

1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எதையும் வாங்கிப் போடவில்லை. காற்றடித்து முடித்ததும் அடியில் படிந்ததைக் கொட்டாமல் வைத்து, அதன் மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். முதல் தடவை ஐந்து வாரம் பிடித்த வேலை, போகப்போக ஒரே நாளில் முடிந்தது. நீங்கள் ஓட்டும் இந்த ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறை பிறந்ததே, ஸ்லட்ஜைக் காப்பாற்றி வைத்ததால்.

நன்றாக ஓடும் பக்கத்து எஸ்.டி.பி.யிலிருந்து (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து) ஏரேஷன் தொட்டி, அதாவது காற்றடிக்கும் தொட்டி, ஸ்லட்ஜ், உங்கள் தொட்டியில் பத்தில் ஒரு பங்காவது, அன்றைக்கே கொண்டுவந்து ஊற்றுங்கள். செப்டிக் டேங்க் லாரிக் கசடு ஆகாது. காற்றைத் திறந்துவிட்டு, கழிவுநீரைக் கால்வாசியில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள். அடுத்த ஆஃப் சீசனில் ப்ளோவர் மணிக்குக் கால் மணி நேரமாவது ஓடட்டும்.

கோவையில் உள்ள எங்கள் பிளான்ட்டின் அதே ப்ளோவர். இங்கே டி.ஓ. (தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன்) லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு ஏறவில்லை. (குன்னூர்)

குன்னூர் 1,850 மீட்டர். காற்று மெலிசு, அதே ப்ளோவர் பத்துப் பதினைந்து சதவீதம் குறைவான ஆக்சிஜனைத்தான் தரும். மலைக்கு மலைக் கணக்கில் வாங்க வேண்டும். இப்போதைக்கு காற்றைக் குமிழியாக்கும் டிஃப்யூசரைக் கழுவுங்கள், குமிழி பொடியாக வருகிறதா பாருங்கள்.

இழைக்கு ப்ளீச்சிங் பவுடர் போடலாமா? (கொடைக்கானல், வேறொருவர்)

போடலாம், ரிட்டர்ன் லைனில், அளந்து. ஆயிரம் கிலோ ஸ்லட்ஜுக்கு (காய்ந்த எடையில்) நாளுக்கு 2-3 கிலோ குளோரின். பவுடரில் குளோரின் மூன்றில் ஒரு பங்குதான், அதையும் கணக்கில் சேருங்கள். வெளியே வரும் தண்ணீர் பால் மாதிரி கலங்கினால் ஃப்ளாக்கே உடைகிறது, உடனே நிறுத்துங்கள். ஜாடி டெஸ்ட் தினமும் எடுக்காதவர்கள் பவுடர் மூட்டையைத் தொடவே வேண்டாம்.