வாசகர் கேள்வி பதில்: கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது யார்?

போன இதழில் நம் தென்னாப்பிரிக்கத் தெருக்களில் வைக்கிற கேமராவைப் பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள், ஊர் மட்டும் போடுகிறேன்.

எங்கள் தெருவுக்கு பூம் கேட்டும் (தூக்கி இறக்கும் தடுப்புக் கம்பி) ஆறு கேமராவும் போடப் போகிறார்கள். வீட்டுக்கு மாதம் 300 ராண்ட். "படத்தை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?" என்று கூட்டத்தில் கேட்டேன். "ஒளிக்க ஒன்றும் இல்லாதவருக்கு என்ன பயம் அங்கிள்?" என்று ஒரு பையன் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு 71 வயது. நான் கேட்டது தப்பா? (சாட்ஸ்வர்த்)

தப்பே இல்லை ஐயா. பணம் எவ்வளவு என்பதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், என் வீட்டு வாசலிலும் கேமரா இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் பின்கதவை உடைத்து உள்ளே வந்தார்கள், அப்போது என் அம்மா வீட்டில் தனியாக இருந்தார், அன்றிலிருந்து ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால் கேமரா கேட்கிறவர்களை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பையனுக்கு நம் வீட்டுக் கதை ஒன்றை யாராவது சொல்ல வேண்டும். 1906-ல் டிரான்ஸ்வால், அதாவது ஜோகன்னஸ்பர்க் இருக்கிற பகுதியின் அன்றைய அரசு, ஒரு சட்ட வரைவைக் கொண்டுவந்தது. ஆசியர்கள் எல்லோரும், 8 வயதுப் பிள்ளையிலிருந்து, பெயரைப் பதிய வேண்டும், பத்து விரல் ரேகையும் வைத்துச் சீட்டு வாங்க வேண்டும், போலீஸ் எங்கே நிறுத்திக் கேட்டாலும் அதைக் காட்ட வேண்டும். அனுமதி இல்லாமல் உள்ளே வருகிறவர்களைத் தடுக்கத்தான் இது என்று அரசு காரணம் சொன்னது. அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் கூடிய நம் மக்கள் பதிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். பிறகு ஒரு சமரசத்தை நம்பித் தாங்களாகவே பதிந்தவர்கள், அரசு சொல் தவறிவிட்டது என்று, 1908 ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதிக்கு வெளியே கொப்பரையில் போட்டு ஆயிரக்கணக்கான சீட்டுகளை எரித்தார்கள். மொரிஷியஸில் பிறந்த தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். சிறைக்குப் போனவர்களில் கூடை சுமந்து காய்கறி விற்ற தமிழர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் ஒளிக்க என்ன இருந்தது? ஒன்றுமே இல்லை. கேட்கிறவன் தங்களை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், அவனைத் தாங்கள் எதுவும் கேட்க முடியாது என்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

ஆகவே ஐயா, அடுத்த கூட்டத்துக்கும் போங்கள். கேமரா வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. பதிவு யாரிடம் இருக்கும், எத்தனை நாளில் தானாக அழியும், யாராவது எடுத்துப் பார்த்தால் அவர் பெயரும் நேரமும் ஒரு நோட்டில் ஏறுமா, கேமரா கம்பெனியோடு போடும் ஒப்பந்தத்தை எல்லா வீட்டுக்கும் காட்டுவார்களா என்று கேளுங்கள். எங்கள் தெருவில் 30 நாள் என்று எழுதி வாங்கினோம், ஒரு மாத வாக்குவாதத்துக்குப் பிறகு. அப்புறம் பூம் கேட் விஷயம், பொது ரோடு தெருக் குழுவின் சொத்து இல்லை, மாநகராட்சி அனுமதி இல்லாமல் அடைக்க முடியாது. அந்தக் கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தெரியாத ஆள் தெருவில் நடந்தாலே படம் எடுத்துப் போடுகிறார்கள். ஒரு பக்கம் நிம்மதியாக இருக்கிறது, இன்னொரு பக்கம் மனசு உறுத்துகிறது. (பீனிக்ஸ்)

உங்கள் மனசு சரியாகத்தான் உறுத்துகிறது அம்மா.

எங்கள் வீட்டில் பதினோரு வருடமாகத் தோட்ட வேலை செய்கிற ஒரு ஜூலு பெரியவர் இருக்கிறார். ஒரு நாள் அவருடைய மகன் அப்பாவுக்கு மாத்திரை கொண்டு வந்திருக்கிறான், வீட்டு எண் சரியாகத் தெரியாமல் இரண்டு தரம் தெருவில் மேலும் கீழும் நடந்திருக்கிறான். யாரோ படம் எடுத்து "சந்தேகப்படும் ஆள், நீல ஜாக்கெட்" என்று போட்டார்கள். அந்தப் படம் என் போனுக்கும் வந்தது, முகம் தெளிவாக இல்லை, நானும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். செக்யூரிட்டி வண்டி வந்து அவனை நடைபாதையில் இருபது நிமிடம் உட்கார வைத்தது. அவன் அப்பா வெளியே ஓடி வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்ற காட்சியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. குழுவில் ஒருவர்கூட மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, நான் எழுதிய பிறகுதான் இரண்டு பேர் எழுதினார்கள்.

பீனிக்ஸில் இருக்கிற உங்களுக்கு 2021 ஜூலையை நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. முன்னாள் ஜனாதிபதி ஜூமா சிறைக்குப் போனதை ஒட்டிக் கடைகளும் கிடங்குகளும் எரிந்தன, போலீஸ் எட்டிப் பார்க்கவில்லை, மக்கள் டயரையும் கல்லையும் போட்டுத் தாங்களே ரோட்டை அடைத்தார்கள். அந்த பயம் பொய் இல்லை. ஆனால் அதே நாட்களில் "அவர்கள் வருகிறார்கள், இந்த ரோட்டில் வருகிறார்கள்" என்று வாய்ஸ் நோட்டுகள் விடிய விடியச் சுற்றின, உண்மையும் வதந்தியும் ஒன்றாகக் கலந்து. நாட்டில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பீனிக்ஸ் பகுதியில் மட்டும் 30-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் கறுப்பின மக்கள். அதில் வேலைக்குப் போனவர்களும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர்களும் இருந்தார்கள். ஒரு படமும் மூன்று வார்த்தையும் எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் ஊருக்கு வேறு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

உங்கள் குழுவில் ஒரே ஒரு விதி போடச் சொல்லுங்கள்: ஆள் என்ன செய்கிறார் என்று எழுதாமல் படம் போடக்கூடாது. கதவைத் தள்ளிப் பார்க்கிறார், சுவர் ஏறுகிறார் என்றால் போடட்டும். நடக்கிறார் என்றால், நடக்கட்டும். அப்புறம் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், போப்பியா என்று சொல்கிறோமே, அது ஒருவர் குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் தகவலை உடல்நலத் தகவலைப் போலவே தனிக் கவனம் தேவைப்படும் வகையில் வைத்திருக்கிறது. வீட்டுக்குள் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பது அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் முன்னூறு பேர் இருக்கும் குழுவில் போட்டுவிட்டு அதையும் சொந்த உபயோகம் என்று சொல்வது கஷ்டம்.

நண்பர் வீட்டுக் குடியிருப்பு வாசலில் காவலர் என் ஓட்டுநர் உரிமத்தை வாங்கி ஸ்கேன் செய்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா? (உம்லங்கா)

தனியார் இடம், உள்ளே விடுவதும் விடாததும் அவர்கள் விருப்பம். ஆனால் 2021 ஜூலை 1 முதல் முழுதாக நடைமுறைக்கு வந்த போப்பியா இரண்டு விஷயம் சொல்கிறது: நோக்கத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்க வேண்டும், தேவை முடிந்ததும் வைத்திருக்கக் கூடாது. யார் வந்தார்கள் என்று தெரிய பெயரும் வண்டி எண்ணும் போதாதா, அடையாள எண்ணும் பிறந்த தேதியும் எதற்கு என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்கலாம், பதில் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. வாசலில் நிற்கிற காவலரிடம் சண்டை போடாதீர்கள், வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற அந்த மனிதர் இந்த விதியைப் போடவில்லை.

என் மகளுக்கு 17 வயது. அவளுக்குத் தெரியாமல் போனில் இருப்பிடம் காட்டும் ஆப் போட்டிருந்தேன். கண்டுபிடித்துவிட்டாள், மூன்று வாரமாக என்னோடு பேசவில்லை. பெற்றவள் பயப்படுவது குற்றமா அக்கா? (டோங்காட்)

குற்றம் இல்லை தங்கச்சி. 2019 ஆகஸ்டில் கேப் டவுனில் ஒரு பல்கலைக்கழக மாணவி பார்சல் வாங்கத் தபால் நிலையத்துக்குப் போனாள், அங்கே வேலை செய்தவனே அவளைக் கொன்றான். அதற்குப் பிறகு இந்த நாட்டில் எந்தத் தாயாவது மகள் வெளியே போனால் நிம்மதியாக இருக்கிறாளா?

நீ தவறினது ஒளித்துப் போட்டதில்தான். இனி அவள் போனை எங்கேயாவது விட்டுவிட்டுப் போவாள், இல்லாவிட்டால் தோழியிடம் கொடுத்துவிட்டுப் போவாள், நீ திரையில் அவள் நூலகத்தில் இருப்பதாகப் பார்த்துக்கொண்டிருப்பாய். மகள் தனக்கு ஆபத்து என்றால் உன்னைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். அந்த வழியை அடைத்துவிட்டு ஆப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போய் மன்னிப்புக் கேள். பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீடுகளில் பழக்கமில்லை, பரவாயில்லை, கேள். பிறகு பேசு. மினிபஸ் டாக்ஸியில் ஏறும்போது அவளே இருப்பிடத்தை உனக்கு அனுப்பட்டும், வீடு சேர்ந்ததும் நிறுத்தட்டும். உன் இருப்பிடமும் அவளுக்குத் தெரியட்டும். என் அண்ணன் வீட்டில் நாலு பேரும் இப்படித்தான் செய்கிறார்கள், அதில் முணுமுணுப்பவர் அண்ணன் ஒருவர்தான்.

அரசாங்கம் எப்படியும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பிறகு அந்தரங்கம், உரிமை என்று பேசி என்ன லாபம்? (லெனேசியா)

லாபம் இருக்கிறது தம்பி, நம் நாட்டிலேயே இருக்கிறது. ஒட்டுக் கேட்பதற்கான சட்டம் ரிக்கா, 2002-ல் வந்தது. சிம் கார்டு வாங்கும்போது அடையாள எண்ணும் முகவரியும் கேட்கிறார்களே, அது இந்தச் சட்டத்தால்தான். சாம் சோல் என்ற பத்திரிகையாளர் ஒரு அரசு வழக்கறிஞரோடு 2008-ல் பேசியது ஒட்டுக் கேட்கப்பட்டது. பல வருடம் கழித்து வேறொரு வழக்கின் காகிதங்களில் அந்தப் பேச்சு வெளிவந்தபோதுதான் அவருக்கே உறுதியாகத் தெரிந்தது. அவரும் அவருடைய அமாபுங்கானே பத்திரிகைக் குழுவும் வழக்குப் போட்டார்கள். 2021 பிப்ரவரி 4 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எந்தச் சட்ட ஆதாரமும் இல்லாமல் அரசு எல்லோருடைய பேச்சையும் மொத்தமாக வலைவீசிக் கேட்டுக்கொண்டிருந்ததையும் செல்லாது என்றது. ஒட்டுக் கேட்டு முடிந்தபின், விசாரணைக்குக் கெடுதல் வராத பட்சத்தில், 90 நாளுக்குள் அந்த ஆளுக்கே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது.

பாருங்கள், போலீஸ் கேட்கவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கடத்தல்காரனைக் கேட்கட்டும். ஆனால் ஒரு நாள் "நாங்கள் கேட்டோம்" என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வேண்டி வரும் என்று தெரிந்தாலே பாதிக் கை நின்றுவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆண்டுக்கு 20,000-க்கு மேல் கொலை நடக்கிற நாட்டில் உரிமை பேச இதுவா நேரம்? முதலில் உயிர், பிறகுதான் மற்றதெல்லாம். (வெருலம்)

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் உங்கள் தம்பியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். அதை இங்கே போடவில்லை. உங்களோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் நான் நினைப்பதைச் சொல்லாமல் விடுவது உங்களுக்கு மரியாதை இல்லை.

நம் அரசியல் சாசனத்தில் 12-வது பிரிவு, அரசாலும் சரி தனியாராலும் சரி வன்முறை இல்லாமல் வாழும் உரிமையைத் தருகிறது. இரண்டு பிரிவு தள்ளி 14-ல் அந்தரங்க உரிமை இருக்கிறது. 36-வது பிரிவு, இந்த உரிமைகளைக் குறைக்கலாம், ஆனால் சட்டப்படி, நியாயமான அளவுக்கு, அதைவிடக் குறைவாகப் பாதிக்கும் வழி உண்டா என்று பார்த்த பிறகு என்கிறது. இது வெறும் காகிதம் இல்லை, ஒரு தரம் நடந்தும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனா தொற்றியவர்களோடு பழகியவர்களைக் கண்டுபிடிக்க அரசு செல்போன் இருப்பிடத் தகவலை எடுக்க அனுமதித்தது. உயிர் போகிற நேரம்தான் அது. அப்போதும் அதை மேற்பார்வை பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதி கேட் ஓரீகனை நியமித்தார்கள், பேரிடர் நிலை முடிந்து ஆறு வாரத்துக்குள் அந்தத் தகவல்களிலிருந்து ஆள் அடையாளத்தை நீக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதினார்கள். அவ்வளவு அவசரத்திலும் முடிவுத் தேதியும் கணக்குக் கேட்க ஒரு ஆளும் வைக்க முடிந்தது என்றால், சாதாரண நாளில் நம் தெருக் கேமராவுக்கு ஏன் முடியாது?

இன்னொன்றும் உண்டு. கண்காணிப்பு கூடினால் பாதுகாப்பு தானாகக் கூடிவிடாது. இந்த நாட்டில் வேலையில் இருக்கிற தனியார் காவலர்கள் 5 லட்சத்துக்கும் மேல், போலீஸ்காரர்களைப் போலப் பல மடங்கு. ஆனாலும் உங்கள் தம்பி விஷயத்தில் படம் இருந்தும் விசாரிக்க ஆள் வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வழக்கு எண்ணை வைத்துக்கொண்டு விடாமல் கேளுங்கள். ஐபிட் என்கிற போலீஸ் புகார் விசாரணை அமைப்பு இதற்குச் சரியான இடமா என்று சட்ட உதவி மையத்தில் கேட்டுச் சொல்கிறேன், முகவரியை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

கப்பல் பட்டியலில் எங்கள் கொள்ளுத் தாத்தாவின் பதிவைக் கண்டுபிடித்தேன். ஒப்பந்த எண், அப்பா பெயர், கிராமம், சாதி, உடம்பில் இருந்த தழும்புகூட எழுதியிருக்கிறது. குடும்ப ஃபேஸ்புக் பக்கத்தில் அப்படியே போடலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

மிக நல்ல கேள்வி. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேரையும் இப்படித்தான் எழுதி வைத்தார்கள். தோட்டத்தை விட்டு ஓடினால் அடையாளம் காட்டிப் பிடிக்கத்தான் அந்தத் தழும்பு. இன்றைக்கு நாம் ஊரைக் கண்டுபிடிக்க அதே பட்டியலைத்தான் புரட்டுகிறோம். எழுதி வைத்தது எதுவும், எழுதியவன் நினைத்த வேலையோடு நிற்பதில்லை. எனக்கு என் பாட்டனாரின் எண் கிடைத்த நாள் அழுதேன்.

போப்பியா உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான், ஆகவே சட்டத் தடை இல்லை. ஆனால் சாதி என்கிற கட்டத்தில் இருப்பது அவருடையது மட்டும் இல்லை, அந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லாப் பேரப்பிள்ளைகளுடையதும்தான். அவர்களை யாரும் கேட்கவில்லை. பெயர், கப்பல், கிராமம், எண் இவற்றைப் போடுங்கள். சாதியையும் தழும்பையும் மறைத்துவிட்டு, முழுப் பக்கத்தின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டு வருகிற பிள்ளைக்குக் காட்டலாம். கிராமத்தின் பெயர் ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று எனக்கு அனுப்புங்கள், வட ஆற்காட்டுப் பக்கமாக இருந்தால் சரியான தமிழ்ப் பெயரைக் கண்டுபிடிக்க உதவுகிறேன்.