சந்தையில் விற்ற ஆட்டை அறுத்தபின் உண்ணத் தகாதது என்று கழித்துவிட்டார்கள் எனச் சொல்லி வியாபாரி பணம் கேட்டால் திருப்பித் தர வேண்டுமா?

நீங்கள் ஆடு வளர்த்து விற்பவர் என்றும், வாங்கியவர் இப்போது தொலைபேசியில் நெருக்குகிறார் என்றும் எடுத்துக்கொள்கிறேன். என்ன கழிக்கப்பட்டது, எதற்காகக் கழிக்கப்பட்டது என்று அறுவைக் கூடத்துக் கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்ததைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கம் கன்னி இன ஆடு வளர்த்து, எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் விற்கிறோம். ஒரு வியாபாரி எங்கள் கிடாயைப் பல் பார்த்தார். கீழிமையை விலக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தார். முதுகெலும்பை அழுத்தி, இடுப்பைத் தூக்கி, எவ்வளவு கறி விழும் என்று தரகரிடம் கணக்குச் சொல்லி, அதற்கும் கீழேதான் விலை பேசினார். மறுநாள் அழைத்து, ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி இருந்ததால் ஆட்டுத் தொட்டியில், அதாவது அறுவைக் கூடத்தில், இரண்டையும் கழித்துவிட்டார்கள், பாதிப் பணம் வேண்டும் என்றார். மீதிக் கறிக்கு உண்ணத் தக்கது என்ற முத்திரை விழுந்ததா என்று கேட்டேன். விழுந்ததாம், விற்றும் தீர்ந்ததாம். நான் தரவில்லை.

விற்றவன் அப்படித்தான் பேசுவான் என்று சிலர் எழுதக்கூடும். நோயை மறைத்து விற்பதை நான் ஆதரிக்கவில்லை. ஈரல் தட்டைப்புழு முற்றிய ஆட்டுக்குத் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். மஞ்சள் காமாலை என்றால் கண்ணின் வெள்ளை காட்டிக்கொடுக்கும், அறுத்தால் கொழுப்பெல்லாம் மஞ்சளாக இருந்து முழு உடலையுமே கழிக்க நேரும். அத்தகைய ஆட்டைத் தெரிந்தே விற்றிருந்தால் பணத்தைக் கொடுத்துவிடுவதுதான் நியாயம். நீர்க்கட்டி அப்படியல்ல. அது உள்ளே வளரும்போதும் ஆடு நன்றாக மேயும், எடையும் போடும். வளர்ப்பவன் கண்ணுக்கும் தெரியாது, வாங்குபவன் கைக்கும் அகப்படாது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவும், சில விதிவிலக்குகள் தவிர, பொருளின் தரத்துக்கு விற்பவர் தாமாகவே உத்தரவாதம் தந்ததாகக் கொள்வதில்லை. நோயே இல்லை என்று நீங்கள் வாய்விட்டு உறுதி கூறியிருந்தால் நிலைமை வேறு. நான் வழக்கறிஞன் அல்லன். தொகை பெரிதென்றால் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள்.

எனக்கு ஆற்றாமை வேறொன்றில் இருக்கிறது. கழித்த ஈரலை என்ன செய்தீர்கள் என்று அந்த வியாபாரியிடம் கேட்டபோது, நாய்க்குப் போட்டுவிட்டோம் என்று சாதாரணமாகச் சொன்னார். அந்தக் கட்டிக்குள் இருப்பது நாயின் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே வளரும் நாடாப்புழுவின் இளம்பருவம். நாய் அதைத் தின்றால் புழு முதிர்ந்து முட்டையிடும். முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழும். அதை மேயும் ஆட்டுக்கு மறுபடியும் கட்டி வரும். அதே முட்டை கை வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ வயிற்றுக்குள் போனால் மனிதருக்கும் வரும். ஆழக் குழி தோண்டிப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டியதைத் தெருவில் எறிந்துவிட்டு, அதனால் வந்த நட்டத்தை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். உங்களிடம் பணம் கேட்பவரிடம், கழித்ததை எங்கே போட்டார் என்று முதலில் கேளுங்கள்.