ஒரே அறைக்குள் நடக்கும் த்ரில்லரில் கதையை எப்படி நகர்த்துவது?

உங்கள் கேள்வி இது: வேலைக்குப் புதிதான ஒரு பெண் துப்பறிவாளர் குற்றவாளியிடம் சிக்கிக்கொள்கிறார். கதையில் முக்கால்வாசி அந்த ஒரே அறையில் நடக்கிறது. மூன்றாம் அத்தியாயத்துக்கு மேல் நகரவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

நானும் இதே இடத்தில் மாதக்கணக்கில் நின்றிருக்கிறேன். என் நாயகி நாற்பது பக்கம் கட்டை அவிழ்க்கப் போராடிக்கொண்டே இருந்தாள். படித்துப் பார்த்த தோழி ஒன்றுதான் கேட்டாள்: “இவள் துப்பறிய வந்தவள்தானே, அதை ஏன் நிறுத்திவிட்டாள்?” அதன் பிறகு கதையை முதலிலிருந்து எழுதினேன்.

அடைபட்டதும் விசாரணை முடங்கிவிட்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். யோசித்துப் பாருங்கள், அவள் இத்தனை நாள் தேடிய ஆள் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான். அதுவும் அவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டு. கேள்வி கேட்கிறவன் தனக்கு என்ன தெரியாது என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். “நீ இங்கே வந்தது யாருக்கெல்லாம் தெரியும்?” என்று கேட்டால், அவள் போனை அவனால் இன்னும் திறக்க முடியவில்லை. “அந்த போட்டோவை யாரிடம் கொடுத்தாய்?” என்று கேட்டால், அப்படி ஒரு போட்டோ இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது.

அனுபவசாலி இதை முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். அவள் புதியவள் என்பதற்கு இங்கேதான் அர்த்தம் வருகிறது. முதல் நாள் பயத்தில் எல்லாவற்றையும் தவறவிடுவாள். ராத்திரி இருட்டில் அவன் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். மறுநாள் வேண்டுமென்றே ஒரு விவரத்தைத் தப்பாகச் சொல்வாள், அவன் திருத்துகிறானா என்று பார்க்க. அவன் திருத்தும் அந்த ஒரு நொடிக்காக நான் பத்துப் பக்கம் காத்திருப்பேன்.

அவள் சிக்கும் விதத்தையும் கவனியுங்கள். யாரிடமும் சொல்லாமல் பாழடைந்த கட்டடத்துக்குள் நுழைகிறாள் என்று எழுதினால் வாசகருக்கு அவள் மேல் மதிப்பே வராது. ஒரு சாட்சியிடம் விட்டுப்போன கையெழுத்தை வாங்கி வரும் சாதாரண வேலைக்குத்தான் போனாள் என்று வையுங்கள். புதியவர்களைத் தனியாக அனுப்புவது அப்படிப்பட்ட வேலைக்குத்தான்.

அப்புறம் உடம்பு. குளோரோஃபார்ம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் யாரும் சரிந்து விழமாட்டார்கள், மயங்கச் சில நிமிடங்களாவது பிடிக்கும். தலையில் அடிபட்டு மணிக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தவர் எழுந்து ஓடவும் முடியாது, அது மூளைக்காயம். விலங்கு இறுக்கமாக இருந்தால் மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்கிக் கட்டைவிரலின் பின்பக்கம் மரத்துப்போகும், கழற்றிய பிறகும் பல நாள் அப்படியே இருக்கலாம். என் தங்கையை விட்டு என் கைகளைப் பின்னால் துண்டால் கட்டச் சொல்லி அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். மணிக்கட்டு வலிக்கும் என்று எதிர்பார்த்தேன், வலித்தது தோள்பட்டை. அதைவிடக் கொடுமை, புருவத்தில் ஒட்டிக்கொண்ட ஒரு முடி. அதைத் தட்டிவிட முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த மாதிரி ஒரு வரி போதும், வாசகர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

அவனிடம் அவளுக்கு ஏதோ ஒட்டுதல் வருவதாக எழுத நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். பிடித்துவைத்தவன் மேலேயே பிணைக்கைதிக்குப் பாசம் வருவதை ‘ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்’ என்பார்கள். அந்தப் பெயர் வந்தது 1973 ஆகஸ்டில் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரத்து வங்கி ஒன்றில் நடந்த கொள்ளை முயற்சியிலிருந்து. வங்கி ஊழியர்கள் 4 பேர் 6 நாள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், அந்த நாட்டுப் பிரதமர் ஓலோஃப் பால்மேயிடமே போனில் பேசினார். போலீஸ் உள்ளே பாய்ந்தால் நாங்கள் செத்துப்போவோம் என்பதுதான் அவருடைய பயம். எனக்கு அதில் மயக்கம் எதுவும் தெரியவில்லை, உயிர்மேல் உள்ள நியாயமான பயம்தான் தெரிகிறது. உங்கள் நாயகியும் தன் சக அதிகாரிகள் கதவை உடைத்துவிடுவார்களோ என்று பயப்படலாம். அவர்கள் எப்படி உள்ளே வருவார்கள் என்று அவளுக்குத்தான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே!

கடைசியாக, நேரம். 1962இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் கடிகாரம் இல்லாமல் ஒரு மலைக்குகைக்குள் தானாகவே போய் இரண்டு மாதம் இருந்தார். செப்டம்பர் 14இல் சோதனை முடிந்தது என்று அவரிடம் சொன்னபோது, அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20. கிட்டத்தட்ட 25 நாள் அவர் நினைவில் பதியவே இல்லை. ஜன்னல் இல்லாத அறையில் உங்கள் நாயகி சுவரில் கீறிவைத்த கோடுகளும் தப்பாகவே இருக்கட்டும், வாசகரும் அவளோடு சேர்ந்து அதை நம்பட்டும். கதவு திறந்ததும் அவள் யாரையும் கட்டிப்பிடித்து அழ வேண்டாம், முதலில் தேதியைக் கேட்கட்டும்.