பனி இல்லாத ஊருக்கும் கூலன்ட் எதற்கு?

கேள்வி: என் லோடு வேன் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டைக் கழற்றினால், தண்ணீர் போகும் துவாரங்களின் ஓரமெல்லாம் அரித்துப் பள்ளம் விழுந்திருக்கிறது. ரேடியேட்டருக்கு எப்போதும் போர் தண்ணீர்தான். கூலன்ட் பனி கொட்டும் ஊருக்குத்தானே, நமக்கு எதுக்குங்க? – பல்லடம் வாசகர்

பல்லடத்தில் ரேடியேட்டர் உறையாது, சரிதாங்க. உங்களுக்கு வேண்டியது கூலன்ட்டில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்து.

அலுமினியத்தின் மேல் தானாகவே மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகும். வெறும் தண்ணீரில், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். ஏறக்குறைய 4 முதல் 8.5 வரை இருந்தால் அது தாங்கும். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் இருக்கும் குளோரைடு அதை ஆங்காங்கே துளைத்து, குழி குழியாக உள்ளே இறங்கும். ரேடியேட்டர் செம்பு என்றால் இன்னும் மோசம். உப்புத் தண்ணீர் நடுவே செம்பும் அலுமினியமும் பேட்டரி போல வேலை செய்யும், கரைவது அலுமினியம்.

"சாஃப்ட்னர் தண்ணீர் ஊற்றலாமா?" என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். வேண்டாம். சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தை விடும். குளோரைடு அப்படியே தங்கும். உப்பு படிவது குறையும், அரிப்பு நிற்காது. சிறுவாணி ஆற்றுக் குடிநீர் அவசரத்துக்கு மட்டும்.

தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸ் கூலன்ட் வாங்குங்கள். அல்லது ஐ.எஸ். 5759 என்ற இந்தியத் தரத்தில் அடர் கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறம் வெறும் சாயம். வண்டிக் கையேடு சொல்லும் வகைதான் கணக்கு. இரண்டு வகையைக் கலக்கவும் வேண்டாம். நாளாக ஆக மருந்து தீரும், கூலன்ட்டின் அடிப்படைத் திரவமான கிளைகால் சூட்டில் அமிலமாகும். குறையும்போதெல்லாம் வெறும் தண்ணீர் ஊற்றினால் மருந்து நீர்த்தும் போகும். ஆகவே கெடு வந்ததும் முழுதாக மாற்றுங்கள். வடித்த கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம்; நாய், ஆடு வாய் வைக்கும் இடத்தில் கொட்டாதீர்கள்.

எர்த் (பேட்டரி மைனஸை இன்ஜினோடும் பாடியோடும் சேர்க்கும் இணைப்பு) சரியில்லாமல் மின்சாரம் கூலன்ட் வழியே ஓடினாலும் ஹெட் அரிக்கும். இன்ஜின் ஆறியபின் மூடியைத் திறந்து, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை உலோகத்தில் படாமல் கூலன்ட்டிலும் வையுங்கள். விளக்குகளைப் போட்டதும் வோல்ட் ஏறினால் எர்த் ஒயரைப் பாருங்கள்.

இப்போதுள்ள ஹெட்டுக்கு வருவோம். பள்ளம் கேஸ்கெட் உட்காரும் இடத்தைத் தொட்டிருந்தால் அலுமினிய வெல்டிங் வைத்து ஃபேஸிங் (பரப்பைச் சமமாகச் சீவுவது) செய்ய வேண்டும். பட்டறையில் இரும்பு பிளாக் கழுவும் காஸ்டிக் சோடா தொட்டியில் மட்டும் ஹெட்டைப் போட விடாதீர்கள்; காஸ்டிக் அலுமினியத்தையே கரைத்துவிடும்.