20 நாள் ஒத்துக்கொண்ட மாத்திரை

கேள்வி: யூரிக் அமிலத்துக்காக அப்பாவுக்கு அலோபியூரினால் கொடுத்தார்கள். 20 நாள் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் காய்ச்சல், கண் எரிச்சல், வாயெல்லாம் புண், நெஞ்சில் சிவப்புத் தடிப்பு. ஆஸ்பத்திரியில் சேர்த்து, இப்போது தேறிவிட்டார். மாத்திரைதான் காரணமாம். ஒத்துக்கொள்ளாத மருந்து முதல் நாளே காட்டிவிடாதா? அவசரத்துக்கு அட்ரினலின் ஊசி வாங்கி வைக்கலாமா?

பதில்: பயிற்சி மருத்துவராக இருந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் தொடங்கி 3 வாரமான ஒரு பெண், காய்ச்சல், தொண்டை வலி என்று வந்தார். கண்ணும் சிவந்திருந்தது. வைரஸ் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டேன். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2 நாள் கழித்து அவருடைய அம்மா தலையணை உறையைக் கொண்டுவந்து காட்டினார். மகளின் கழுத்துத் தோல் அதில் ஒட்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் கண்ணில் ஈரம் வற்றிப்போய், சொட்டு மருந்தே துணை என்றாகிவிட்டது.

அந்தப் பெண்ணுக்கும் உங்கள் அப்பாவுக்கும் வந்தது இதுதான்: மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் உரிந்து, கண்ணும் வாயும் புண்ணாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய். நம் எதிர்ப்பு அணுக்கள் மருந்தைப் பகையாக எண்ணிப் படைதிரட்ட நாள் பிடிக்கும். பெரும்பாலும் 4 நாள் முதல் 4 வாரத்துக்குள் தாக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன், லாமோட்ரிஜின், பிறகு சல்ஃபா மருந்துகளிலும் வரும். சாதாரணத் தடிப்பு அரிக்கும். இது தொட்டாலே வலிக்கும். கூடவே கண், வாய், சிறுநீர் வழி எங்காவது புண் என்றால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வலிப்பு மாத்திரையை வீட்டில் நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பதும் ஆபத்து. மாற்று மருந்தை அங்கே முடிவு செய்வார்கள். தீக்காயத்தைப் பார்ப்பதுபோலத்தான் சிகிச்சை. கண் மருத்துவர் முதல் நாளே பார்த்தாக வேண்டும்.

அட்ரினலின் இதற்கு உதவாது. அது வேறு கதைக்கு: மருந்து உள்ளே போன சில நிமிடங்களில் நாக்கு வீங்கி, மூச்சு இழுத்து, ரத்த அழுத்தம் சரிகிற அனாஃபிலாக்ஸிஸுக்கு. அங்கே படுக்கவைத்து, தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே போட வேண்டிய ஊசி அது. அலர்ஜி மாத்திரையை நம்பி நேரம் கடத்தக் கூடாது.

அப்பா இனி அலோபியூரினாலைத் தொடவே கூடாது. பிராண்ட் பெயரை அல்ல, அலோபியூரினால் என்ற மருந்தின் பெயரையே சீட்டில் எழுதிப் பையில் வையுங்கள். கடையில் வேறு வேறு பிராண்டில் அதே மருந்து இருக்கும். ஒன்று, நீங்கள் கேட்காதது: எச்எல்ஏ-பி 58:01 என்ற மரபணு வகை இருந்தால் இந்த மருந்தில் ஆபத்து கூடுதல், அது பரம்பரையாக வரும். நாளை உங்களுக்கே யூரிக் அமிலம் கூடினால், அப்பாவுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிட்டு அந்த ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.