நீலக்கல் மோதிரத்துக்கு எந்தக் கட்டு?

கேள்வி: ஆவணியில் எனக்கு நிச்சயதார்த்தம். 22 கரட் தங்கத்தில், கல் உயர்ந்து நிற்கும் நீலக்கல் மோதிரம் செய்விக்க விரும்புகிறோம். தையல் வேலை செய்யும் நான் அதை நாளாந்தம் அணியலாமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: கல்லைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை; மோஸ் அளவுகோலில் வைரத்தின் கடினத்தன்மை 10 என்றால் நீலக்கல்லினது 9 என்பதால், அன்றாடப் பாவனையில் அதில் எளிதில் கீறல் விழாது. என் கவலையெல்லாம் அதைப் பிடித்திருக்கும் பற்களைப் பற்றியதே. 22 கரட்டில் ஏறத்தாழ 91.6 சதவீதம் தங்கமே இருப்பதால் அது மென்மையானது. பட்டுத்துணியின் இழையொன்று சிக்கி ஒரு பல் மயிரிழையளவு நிமிர்ந்தாலும் கல் ஆடத் தொடங்கிவிடும். மோதிரத்தைக் காதருகே பிடித்து மெல்லத் தட்டும்போது சன்னமான கிலுகிலுப்புக் கேட்டால், அன்றைக்கே யாழ்ப்பாணத்தில் நகைக்கடைகள் நிறைந்த கஸ்தூரியார் வீதிக்குக் கொண்டுபோய் இறுக்குவியுங்கள்.

ஆகவே, கல்லைத் தாழ்வாக இருத்தி, அதன் விளிம்பு முழுவதையும் தங்கத்தகட்டால் அணைத்துப் பிடிக்கும் கட்டையே உங்களுக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன். வளையத்துக்கு, 75 சதவீதத் தங்கமுள்ள 18 கரட் கூடுதல் உறுதியைத் தரும். தாலிக்குப் பொன்னுருக்கும் வீட்டில் பெரியவர்கள் அதற்கு உடன்படாவிட்டால், 22 கரட்டிலேயே வளையத்தைச் சற்றுத் தடிப்பாக, உட்புறம் வழவழப்பாகச் செய்யச் சொல்லுங்கள். விரலளவை மாலையில் கொடுங்கள். வெக்கையில் விரல்கள் சற்று வீங்கியிருக்கும்.