கிரீன்லாந்தில் அவ்வளவு கனிமம் இருக்கிறதாமே, பிறகு ஏன் பெரிதாக யாரும் தோண்டவில்லை?

பனி ஒரு காரணம்தான். ஆனால் அரசியலை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. தெற்கே நார்சாக் என்ற சின்ன ஊரை எடுத்துக்கொள்வோம். மீன்பிடிப்பு, சுற்றிலும் ஆட்டுப் பண்ணைகள். அங்கிருந்து சுமார் 8 கி.மீ. தொலைவில் குவானஃபியெல்ட் மலை. காற்றாலை, மின்சாரக் கார் மோட்டார்களின் காந்தங்களுக்கு வேண்டிய அரிய மண் தனிமங்கள் அதில் ஏராளம். சிக்கல் என்னவென்றால், அதே பாறையில் யுரேனியமும் கலந்திருக்கிறது. ஒன்றைத் தோண்டினால் மற்றதும் கூடவே வரும். கழிவை ஊருக்கு மேலே உள்ள தாசெக் ஏரியில் கொட்டுவதாகத் திட்டம். தலைக்கு மேல் கழிவு என்றால் எந்த ஊர்தான் சம்மதிக்கும்?

2013இல் யுரேனியம் தோண்டுவதற்கு இருந்த தடையை கிரீன்லாந்து நாடாளுமன்றம் நீக்கியது, 15க்கு 14 என்று ஒரே ஓட்டில்! 2021 தேர்தலே இந்தச் சுரங்கத்தைச் சுற்றித்தான் நடந்தது. எதிர்த்த இனுயிட் அட்டகாடிகிட் கட்சி வென்றது, மூடே எகெடே பிரதமரானார். அதே ஆண்டு வந்த சட்டப்படி, டன்னுக்கு 100 கிராமுக்கு மேல் யுரேனியம் உள்ள பாறையைத் தொடக்கூடாது. உரிமம் கேட்ட ஆஸ்திரேலிய நிறுவனம் வழக்குக்குப் போனது.

சரி, கிரீன்லாந்துக்காரர்கள் சுரங்கமே வேண்டாம் என்கிறார்களா? இல்லை. கிரீன்லாந்து டென்மார்க்கின் தன்னாட்சிப் பகுதி; 2009 தன்னாட்சிச் சட்டப்படி கனிம உரிமை அவர்கள் கையில். டென்மார்க்கின் மானியத்தை நம்பியிருக்கும் வரை முழுச் சுதந்திரம் கடினம். சொந்த வருமானம் வேண்டும். அப்புறம், ஊருக்கு ஊர் சாலை கிடையாது, படகு அல்லது விமானம்தான். துறைமுகம், மின்சாரம் எல்லாவற்றையும் சுரங்கக்காரரே கட்ட வேண்டும். அமெரிக்க அதிபர் டிரம்ப் கிரீன்லாந்தைக் கேட்டார் என்பதற்காக அந்தச் செலவு குறையாது.